பகவானின் துண்டு என்ன வெள்ளை?

ரமண மகரிஷியின் துண்டு என்ன நிறம்?

வெள்ளை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். என்ன வெள்ளை? நீலம் போட்டு அலசிய வெள்ளையா? கடையில் அப்போதுதான் பிரித்த புதுத் துண்டின் வெள்ளையா? வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து, பாறைமேல் காயப்போட்டுப் பழுப்பேறிய வெள்ளையா? விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில் அவரிடம் இருந்த துணி அத்தனை கந்தல். கோவணத்திலிருந்தே நூல் உருவி, முள்ளை ஊசியாக்கித் தைத்துக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்தத் துணிக்குப் போய்ப் பளிச்சென்ற வெள்ளையைப் பூசினால் படம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்!

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றும் வேலையின் பரவசமே இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. எத்தனை படம் செய்தாலும் எனக்கு இந்தப் படபடப்பு குறையவில்லை. வாருங்கள், ஸ்கிரீனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று காட்டுகிறேன். இந்த வேலைக்குத் திருவண்ணாமலையைப் போல வாய்த்த ஊர் வேறு இல்லை என்றே சொல்வேன். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊருக்கு வந்து இறங்கிய பதினாறு வயதுப் பையன், 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விடும்வரை இந்த மலையடியை விட்டுப் போகவே இல்லை. இருபது வயதை ஒட்டி எடுத்த படத்தில் தொடங்கிக் கடைசி நாட்கள்வரை அவருடைய படங்கள் இருக்கின்றன. அவர் உட்கார்ந்த பாறை, நடந்த பாதை, பிடித்த தடி எல்லாம் இங்கேயே இருக்கின்றன. வண்ணத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். வாசலில் இறங்கினால் போதும்.

வேலையின் முதல் கட்டத்தில் வண்ணத்துக்கு இடமே இல்லை. தூசிதான்! பிரிண்டின் மேல் மெல்லிய பிரஷை ஓட்டி, ஓரத்தை மட்டும் பிடித்து ஸ்கேனரில் வைக்கிறோம். கையகலப் படமானால் 1200 டிபிஐ. பிறகு அதை ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே! அதுவரை வெறும் கறுப்பாகத் தெரிந்த மூலையில் ஒரு சொம்பு எழுந்து வரும். பின்னால் நிற்பவரின் கையில் விசிறி இருப்பது தெரியும். தரையில் ஒரு அணில்கூட அகப்படலாம், ரமணர் படமாயிற்றே. பழைய பிரிண்டின் கறுத்த இடங்களில் வெள்ளி மினுமினுக்கும். காற்றின் ஈரமும் அசுத்தமும் பட்டு, படத்துக்குள் இருந்த வெள்ளியே மேலே வந்து படிந்திருக்கும்.

கீறல்களை நீக்கும்போதுதான் முதல் கண்டம். மென்பொருளில் இருக்கும் தானியங்கி வசதியைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டால், திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி இருக்காது. மூன்று வெளுத்த கோடுகள், நடுநடுவே உதிர்ந்து, பட்டும் படாமலும். கீறல் என்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்துவிடும்! அதனால் நெற்றியையும் மார்பையும் தோள்பட்டையையும் கையாலேயே செய்கிறோம், ஒவ்வொரு புள்ளியாக.

அடுத்தது தோல். ஃபோட்டோஷாப்பில் வண்ணத்துக்கென்று தனி லேயர் போட்டு, அதைக் 'கலர்' மோடில் வைத்துவிட்டால், கீழே இருக்கும் வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும். நாம் பூசுவது மேலே சாயமாக மட்டும் படியும். அதற்காகத் தோலுக்கு ஒரே சாயத்தைப் பூசினால் களிமண் பொம்மைதான் கிடைக்கும். காதுமடலில் ரத்தச் சிவப்பு கொஞ்சம், கண்ணுக்குக் கீழே ஊதா, முழங்கையிலும் முழங்காலிலும் கறுப்பு, உள்ளங்கையில் இளஞ்சிவப்பு, தாடைப் பக்கம் சாம்பல் என்று ஒரு முகத்துக்கே பல லேயர்கள் ஏறிவிடும். சட்டையே போடாதவர் படத்தில் மார்பு, வயிறு, கால் என்று வேலை இன்னும் விரியும்.

சரி, பகவானின் நிறம் என்ன? இங்கே ஒரு ஆங்கிலேயர் கை கொடுக்கிறார். பால் பிரண்டன் 1931-இல் இந்த ஊருக்கு வந்தார். 1934-இல் வெளியான தன் புத்தகத்தில் ரமணரை உற்றுப் பார்த்து வர்ணித்திருக்கிறார். தோல் லேசான செம்பு நிறம், தென்னிந்தியர்கள் பலரையும்விட வெளுப்பு, கண்கள் கரும்பழுப்பு என்று ஒரு பத்திரிகைக்காரரின் கண்ணோடு குறித்துவைத்துவிட்டார். முதன்முதலில் அந்தப் பக்கத்தை இந்த வேலைக்காகப் படித்தபோது நாற்காலியில் உட்கார முடியவில்லை! பக்தர்கள் அந்தப் பக்கத்தில் ஆன்மிகம் தேடுவார்கள். எனக்குக் கிடைத்தது கலர் சார்ட்.

தலையும் ஒரு ரகசியம் சொல்லும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் தலை மழித்துக்கொள்வது வழக்கம். ஆக, படத்தில் முடி எந்த அளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அது வளர்பிறையா தேய்பிறையா என்றுகூட ஓரளவு ஊகிக்கலாம். புதிதாக மழித்த தலைக்கு லேசான நீலச் சாம்பல் நிழல் வேண்டும். இரண்டு மூன்று வாரம் வளர்ந்த நரைக்கு வெள்ளி. பெங்களூர் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த அந்த மார்பளவுப் படம் உங்களுக்குத் தெரியும். ஆட்டோ, டீக்கடை, லாட்ஜ் வரவேற்பு மேஜை என்று இந்த ஊரில் அது இல்லாத இடம் இல்லை. அதில் முடியும் தாடியும் என்ன வெள்ளி என்று முடிவு செய்யவே எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும்.

இப்போது உண்மையான வில்லனைக் காட்டுகிறேன். பழைய கண்ணாடித் தகடு!

அந்தக் காலத் தகடுகளுக்கும் ஃபிலிம்களுக்கும் சிவப்பு தெரியாது. ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். நீலத்தை அளவுக்கு மேல் பார்க்கும், பச்சையை ஓரளவு பார்க்கும், சிவப்பு அதற்கு இருட்டு. அதனால்தான் பழைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது, உதடு கறுத்துத் தெரிகிறது. குங்குமம்? கறுப்புப் பொட்டு. காவி வேட்டி? கருஞ்சாம்பல். எல்லா நிறத்தையும் பார்க்கத் தெரிந்த பான்குரோமாட்டிக் ஃபிலிம் 1920-களிலும் 30-களிலும்தான் பரவலாகிறது. இதை அறியாதவர் கையில் 1910-ஐ ஒட்டிய ஒரு சாதுக்கள் குழுப் படம் கிடைத்தால் என்ன ஆகும்? காவி கட்டியவருக்கு அடர்பழுப்புக் கம்பளி போர்த்திவிடுவார். நீலத் துணி கட்டியவரை வெள்ளுடைக்காரராக்கிவிடுவார். ஆட்களின் தோலும் அப்படித்தான். ஒரே மனிதர் ஒரு படத்தில் மிகக் கறுத்தும் இன்னொன்றில் வெளுத்தும் தெரிவார். மாறியது அவரல்ல, தகடு.

சாம்பலை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் வெளியே போக வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதிதான் எனக்கு உயிர்.

மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தில் பின்னணியில் அண்ணாமலை நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் அதே மலை, மழைக்குப் பிறகு பச்சைப் பசேலென்று. ஒரு கிளிக் எடுத்து அந்தப் பச்சையை அப்படியே படத்துக்குக் கொண்டுபோய்விடலாமா? கூடாது! இன்று பார்க்கும் பச்சையில் பெரும்பங்கு 1980-களின் இறுதியில் தொடங்கிய மரநடுகை தந்தது. அன்றைய படங்களில் தெரிவது பாறையும் புதரும் காய்ந்த புல்லும்தான். ஆக, மலைக்கு வேண்டியது வெயில் பட்ட பாறையின் பழுப்பு, நிழலில் அதே பாறையின் நீலச் சாம்பல், இடையிடையே வாடிய புல்லின் வைக்கோல் நிறம். பாறை மாறவில்லை. கிரிவலப் பாதையில் காலை ஆறு மணிக்கும் மத்தியானம் பன்னிரண்டுக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் நின்று பார்த்தால் அதே பாறை வேறு வேறு நிறத்தில் நிற்கும். படத்தில் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்த நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். போய் நின்றால் கிடைக்கும். கிடைக்கும்போது துள்ளிக் குதிக்கத் தோன்றும்!

கல்லும் அப்படித்தான் ஏமாற்றும். பகவானின் தாயாருடைய சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. இன்று அங்கே போய்த் தூணைப் பார்த்தால் எண்ணெயும் கைகளும் பட்டுப் பட்டுக் கறுத்து மின்னுகிறது. அந்தக் கறுப்பை எடுத்து 1949 படத்துக்குப் பூசினால் தப்பு. அன்று அது உளி பட்ட புதுக் கல், வெளிர்சாம்பல். எங்காவது புதிதாகக் கல் செதுக்கும் பட்டறையில் நின்று அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

1947-இல் பரோடா ராணி அனுப்பிய வெள்ளை மயிலை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பூரிப்பும் சேர்ந்து வரும். பகவானோடு அந்த மயில் இருக்கும் படம் உண்டு. மயில் என்றால் நீலம் என்று பழகிய எந்தக் கைக்கும், எந்த இயந்திரத்துக்கும் விரல் துறுதுறுக்கும். படத்துக்குப் பின்னால் இருக்கும் கதை தெரிந்தால்தான் அந்த வெள்ளையை வெள்ளையாக விட முடியும்.

இயந்திரம் என்றேன். அதையும் திறந்து பார்த்துவிடுவோம். 2016-இல் கலிஃபோர்னியா பெர்க்லியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜாங், ஃபிலிப் இசோலா, அலெக்சி எஃப்ராஸ் மூவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கணினிக்குக் கொடுத்து, போன நிறத்தைச் சொல் என்று பழக்கினார்கள். படத்தை ஒளி ஒரு தட்டு, பச்சை-சிவப்பு ஒரு தட்டு, நீலம்-மஞ்சள் ஒரு தட்டு என மூன்றாகப் பிரித்துக்கொண்டு, முதல் தட்டை வைத்து மற்ற இரண்டையும் ஊகிப்பதுதான் வித்தை. 2018-இல் ஜேசன் ஆன்டிக்கின் டிஓல்டிஃபை என்ற வண்ணமேற்றும் மென்பொருள் வந்தது. 2020-இல் மைஹெரிடேஜ் தன் தளத்தில் அந்த வசதியைத் திறந்துவிட்டது. உலகமே தாத்தா பாட்டி படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சில நொடியில் பாட்டிக்குக் கன்னம் சிவந்தது! அந்த ஆனந்தத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது நிஜமான ஆனந்தம்.

ஆனால் ஒரு புடவை அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என எதுவாகவும் இருக்கலாம் எனும்போது, இயந்திரம் எல்லாவற்றையும் சராசரியாக்கப் பார்க்கும். சராசரியாக்கினால் மண்பழுப்புதான் மிஞ்சும். ஜாங் குழுவே அந்தப் பழுப்பைத் தவிர்க்கத்தான் தனி வழி தேடியது. அதைப் பழக்கிய படங்களில் நம் ஊர்த் துணிமணி எத்தனை இருந்திருக்கும்? மஞ்சள் பூசிய முகம், திருமாங்கல்யச் சரடு, மடிசார், காவி வேட்டி எல்லாம் அதற்குப் புதிது. அதைவிட ஆபத்து, முகத்தைத் 'தெளிவாக்கும்' கருவிகள். மங்கலான முகத்தைத் துலக்குவதாகச் சொல்லி, தனக்குத் தெரிந்த கண்ணையும் இமையையும் புதிதாக வரைந்து ஒட்டுகின்றன. ரமணர் படத்தில் கண்ணை மாற்றினால் பிறகு என்ன மிச்சம்? அந்தக் கண்ணைப் பார்த்துத்தானே ஊர் ஊராய் மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கண் இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்பது என் பிடிவாதம்.

கணினிக்கு முன்பே நம் ஸ்டுடியோக்கள் இதைச் செய்துவந்தன என்பதை இந்தத் தலைமுறை அறிய வேண்டும். சாயம் பூசிய தாள்களைத் தைத்த சின்னப் புத்தகம் ஒன்று விற்கும். ஒரு துண்டைக் கிழித்துத் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கும். அதைப் பஞ்சிலும் மெல்லிய பிரஷிலும் தொட்டு பிரிண்டின் மேல் ஏற்றுவார்கள். கல்யாணப் படமென்றால் புடவை என்ன நிறம், ஜாக்கெட் என்ன நிறம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் தூரிகையை எடுப்பார்கள். கேட்டுவிட்டுச் செய்தார்கள், அதுதான் அவர்கள் பெருமை! சினிமாவுக்கும் இந்த வித்தை வந்தது: 1960-இல் வந்த 'முகல்-ஏ-ஆஸம்' 2004-இல் முழு வண்ணத்தில் திரும்பி வந்தது, 1957-இல் மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்த 'மாயாபஜார்' தெலுங்கில் 2010-இல் வண்ணமானது.

நிறம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் 2019 ஜூனை நினைவுபடுத்துவேன். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் அட்டையில் பாரதியின் தலைப்பாகை காவி நிறத்தில் வந்தது, மாநிலமே பேசியது. வெள்ளைத் தலைப்பாகையோடு நம் மனதில் நிற்பவர் அவர். பாரதியின் நிஜப் புகைப்படங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும், எல்லாம் கறுப்பு வெள்ளை. அவருக்கு ஒரு நிறம் பூசுகிறவர் எதை ஆதாரமாக வைத்துப் பூசினார் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்த வேலை எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு தாழும் என்பதற்கு உலகத்தில் இரண்டு சாட்சிகள். பிரேசில் கலைஞர் மரீனா அமரால், ஆஷ்விட்ஸ் நினைவகத்தோடு சேர்ந்து கைதிகளின் படங்களுக்கு வண்ணம் ஏற்றினார். செஸ்வாவா குவோகா என்ற பதினான்கு வயதுப் போலந்துச் சிறுமியின் சட்டையில் தைத்த முக்கோணம் சிவப்பானது. அரசியல் கைதி என்பதற்கான சிவப்பு அது. அவள் உதட்டில் இருந்த காயத்திலும் ரத்தம் தெரிந்தது. படம் எடுப்பதற்குச் சற்று முன் அவளைக் காவல்காரி அடித்தாள் என்பது அதை எடுத்தவரின் வாக்குமூலம். கறுப்பு வெள்ளையில் நாம் தாண்டிப் போன காயம் அது. இதற்கு நேர் எதிரானது 2021-இல் நடந்தது. கம்போடியச் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு வண்ணம் ஏற்றிய ஒருவர், சில முகங்களில் இல்லாத சிரிப்பையும் சேர்த்துவிட்டார். கம்போடிய அரசே கண்டித்தது. வெளியிட்ட நிறுவனம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டிலும் மென்பொருள் ஒரே மாதிரிதான். ஒருவர் இருந்ததைத் தேடினார், மற்றவர் இல்லாததை வைத்தார்.

அதனால் நான் தொடாத படங்களும் உண்டு. 1950 ஏப்ரலில் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோன் இந்த ஊரில் இருந்தார். பகவானின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். பகவான் உடலை விட்ட இரவு 8.47-க்கு வானத்தில் ஒரு ஒளி மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் போனதைத் தானும் பார்த்ததாகச் சொன்னார். கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தே எடுத்தவர் அவர், வண்ணத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. அவர் படத்துக்கு வண்ணம் ஏற்றுவது அவர் வாக்கியத்தைத் திருத்துவது. கை எவ்வளவு பரபரத்தாலும் அந்தப் படங்கள் அப்படியே இருக்க வேண்டியவை.

சென்னை டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி போன்ற அன்பர்கள் கேமராவும் கையுமாக வந்து வந்து எடுத்ததால்தான் இத்தனை ரமணர் படங்கள் நமக்கு மிஞ்சின. ரமணாசிரமம் அவற்றை ஆவணக் காப்பகம் வைத்துப் பேணுகிறது. உங்கள் வீட்டுப் படங்களுக்குக் காப்பகம் நீங்கள்தான். பரணில் இருக்கும் ஆல்பத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் படத்தைக் காட்டி, பாட்டியின் கூரைப்புடவை என்ன நிறம், தாத்தாவின் கோட்டு என்ன நிறம், திண்ணைத் தூணுக்கு என்ன வர்ணம் அடித்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். படத்தின் பின்புறம் எழுதாமல், தனித் தாளில் பென்சிலால் எழுதிச் சேர்த்து வையுங்கள். வண்ணம் ஏற்றிய பிரதியின் ஓரத்தில் 'வண்ணம் பின்னால் சேர்த்தது' என்று ஒரு வரி போடுங்கள். கறுப்பு வெள்ளை மூலத்தை அதோடேயே வையுங்கள். மென்பொருள் அடுத்த வருஷமும் கிடைக்கும். அந்தப் புடவையின் நிறம் தெரிந்தவரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.